பாறையோரத்துக் கறுப்புப் புள்ளிகள்

மாத்தளை,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி நிரூபனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகம் என்று சொல்கிறாய், ஆனால் உன் பேச்சை இப்போது அப்படியே நம்ப முடியவில்லை. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் இதை எழுதி, திருகோணமலைக்கு மரக்கறி லொறி ஓட்டும் விஜேந்திரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய கடல் படத்தை நேற்று நான் வேலை செய்யும் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் திறந்தேன். முப்பது விநாடி கெமராவைத் திறந்து வைத்து எடுத்திருக்கிறாய். அலையெல்லாம் கரைந்து பாலாடை மாதிரி படிந்திருக்கிறது. சாய்ந்திருந்த அடிவானத்தை நேராக்கினேன், வானத்தில் நீலம் தூக்கலாக இருந்தது, குறைத்தேன். கெட்டிக்காரன்தான் நீ.

"பாறைக்குப் பக்கத்துல கறுப்புப் புள்ளி இருக்கு, லென்ஸ் தூசி. அழிச்சிடுங்கக்கா" என்றாய். தூசிக்கு நிழல் விழுமா? அந்த இருட்டை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். எல்லாம் எண்ணெய்க் கேன்கள், பத்தொன்பது. போன மாதம் அதே இடத்தில் நீ எடுத்த படத்தையும் தேடித் திறந்தேன். அதில் நான்குதான்.

முப்பது விநாடியில் நடமாடும் ஆட்கள் படத்தில் விழமாட்டார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். அந்தத் தைரியத்தில் எடுத்தாயா? அசையாமல் கிடப்பதெல்லாம் விழுமே, மடையா! கேன்களுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய படகும் விழுந்திருக்கிறது.

நீ வேலை செய்யும் ஹோட்டலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நீ வேலையை விட்டு இரண்டு கிழமையாகிறதாம். ஆறு வருடமாகப் படம் எடுக்கிறாய், ஒன்றைக்கூட வீட்டில் மாட்டச் சொன்னதில்லை. இதை மட்டும் ஏன் பெரிதாக ஃபிரேம் போட்டு அம்மாவின் கட்டிலுக்கு நேரே மாட்டச் சொல்கிறாய்? அம்மாவோ சந்தோஷத்தில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.

இத்தனை எண்ணெய் மீன் பிடிக்கவா? கடல் வழியாகக் கள்ளமாக வெளிநாடு போகப் பார்க்கிறாய். இல்லையென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல். பலாபத்வலயில் இருக்கும் அழகம்மாவின் மகன் இப்படித்தான் போனான். எட்டு மாதமாகிறது, ஒரு தகவலும் இல்லை; அழகம்மா குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டு போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

புள்ளிகளை அழிக்கவில்லை. அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை புறப்படும் முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். திட்டமாட்டேன், அடிக்கவும் மாட்டேன். நான் வரும்வரை அந்தப் படகில் கால் வைக்காதே. நம் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாதடா.

அம்மன் உன்னைக் கரையிலேயே வைத்திருக்கட்டும்.

உன் அக்கா
கிருஷாந்தி