விலாவில் தங்கும் வலி

புதூர்நாடு

அன்புள்ள சின்னராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போனில் சிக்னல் போய்விடுகிறது, இல்லையென்றால் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அதனால் எழுதுகிறேன். நுரையீரலில் கட்டி இருந்த பாகத்தை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. கட்டி கெட்டது இல்லை என்று ரிப்போர்ட் வந்ததை அம்மா சொல்லியிருப்பாள். அவள் சொல்லாதது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். காரணம் உன் அம்மாவின் தம்பி, விஜயராஜ் மாமா. ஆறு வருஷம் முன்பு அவருக்கும் விலாவைத் திறந்துதான் ஆபரேஷன் செய்தார்கள். புண் ஆறியும் வலி போகவில்லை, சட்டை உரசினாலே எரிகிறது என்பார். சாமை அறுப்புக்கு வராமலிருக்க நடிக்கிறான் என்று ஊர் நடுவில் சொன்னவன் நான், நீயும் சேர்ந்து சிரித்தாய். என் முறை வந்தபோதுதான், அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்திருக்கிறது என்று புரிந்தது.

அம்மா ஆஸ்பத்திரி வாசலில் மறித்து, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அமுதவல்லியிடம் கூட்டிப்போனாள். அவர் மாமாவைப் பற்றி எல்லாம் கேட்டுவிட்டு, விலா எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டால் சிலருக்கு வலி வருஷக்கணக்கில் தங்கிவிடும், அது நடிப்பு இல்லை என்றார். முதுகெலும்பின் பக்கத்தில் மெல்லிய குழாய் வைத்து, கத்தி படும் முன்பே அந்த நரம்புகளை மரத்துப்போகச் செய்து, பிறகும் மூன்று நாள் மருந்து விடுவார்களாம். அப்படிச் செய்தால் வலியே வராதா என்று கேட்டேன். "சத்தியம் பண்ண மாட்டேங்க. தங்கிப்போற வாய்ப்பு கொறையும், அவ்ளோதான் சொல்ல முடியும்" என்றார். மழுப்பாமல் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஆபரேஷன் ஆனது, அதற்கடுத்த நாள் இருமச் சொன்னபோது இரும முடிந்தது. இப்போது தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் மரமரப்பு, வேறொன்றுமில்லை, அந்தப் பக்கமே சாய்ந்து தூங்குகிறேன்.

ஊர் வந்ததும் மாமா வீட்டுக்குப் போய், தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன். அவர், "ஆறு வருசமா இன்னா வலின்னு ஒருத்தரும் கேக்கல மாமா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. பழைய வலிக்கும் வைத்தியம் உண்டு, முழுதாகப் போகாவிட்டாலும் தணியலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வருகிற புதன்கிழமை ஜீப்பில் மலை இறங்கி நானே அவரை வேலூருக்குக் கூட்டிப்போகிறேன்.

புளி உலுக்க ஆள் சொல்லியாயிற்று, அந்தக் கவலை வேண்டாம். உள்ளே கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. குலசாமி உன்னையும் கூட இருப்பவர்களையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஒரு போன் போட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை வைக்காதே.

இப்படிக்கு உன் அப்பா,
சடையன்