அலுமினியம் படியும் முன்

மேடம்,

நேற்று மகள் நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அசிட்டோன் வாசனை வந்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் "கண்ணாடி ரெடி மேடம்" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா வேறு இருந்தார். "எந்த மேடம்ப்பா?" என்று மகள் சிரித்தாள். நானும் அசடு வழிந்தேன். நீங்கள் இறந்த செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பத்தாவதை இரண்டு தவணையில் தாண்டியவன் நான். தாம்பரம் கல்லூரி லேபில் அசிட்டோனில் கண்ணாடி கழுவுவதும், காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்போடு மல்லுக்கட்டுவதும் என் வேலை. நீங்கள் சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கும் ஆராய்ச்சி மாணவி. கண்ணாடிமேல் மெல்லிய கரிமக் குறைக்கடத்திப் படலம், அதன்மேல் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம்: அதுதான் உங்கள் ஆராய்ச்சி. "ரெண்டும் நல்லதுதாண்ணா. தொடுற இடத்துலதான் தகராறு. எலக்ட்ரான் தாண்ட மாட்டேங்குது."

"சம்பந்தி சண்டை மாதிரியா மேடம்?"

"தீசிஸ்ல இதையே எழுதிடறேன்."

இரண்டுக்கும் நடுவில் காற்றே படக்கூடாது என்பது உங்கள் சட்டம். ஒரு நாள் நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். படலம் படிந்துவிட்டது; ஆனால் அடுத்து ஆவியாக வேண்டிய அலுமினியக் கம்பி, சூடேற்றும் கிண்ணத்திலிருந்து நழுவிக் கிடந்தது. வேக்குவம் கலத்துக்குள் காற்றை விட்டு, அதன் மூடியைத் தூக்கி, கம்பியை எடுத்து வைத்துவிட்டு மறுபடி பம்பைப் போட்டேன்.

அந்தக் கண்ணாடியில்தான் பாதி வோல்டேஜிலேயே கரண்ட் கடந்தது. எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தீர்கள். வெட்கமில்லாமல் இரண்டு தின்றேன்.

பிறகு எட்டு மாதம் எத்தனை கண்ணாடி செய்தும் அது திரும்ப வரவில்லை. "அண்ணா, அன்னிக்கு ஏதாவது மாத்திப் பண்ணீங்களா?"

"இல்ல மேடம், எப்பவும் போலத்தான்."

தற்காலிக வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று காரணம் வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். நடுவில் பட்ட அந்தக் கொஞ்சக் காற்றைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்று, உங்களோடு கண்ணாடி கழுவிக் கழுவி எனக்கே புரிந்துவிட்டிருந்தது. புரிந்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அந்தக் கண்ணாடியைப் பற்றிய அத்தியாயம் இல்லாமலே தீசிஸ் முடிந்தது. "எனக்கு லேப் சரிப்படாதுண்ணா, கைப்பக்குவம் இல்ல" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டீர்கள். நான் இன்னும் அதே மூடியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறேன். வரவர கனக்கிறது.

கடைசி நாள் உங்கள் புத்தகப் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "பாத்துப் போங்க மேடம்" என்று மட்டும்தான் சொன்னேன். நாக்கு நுனிவரை வந்து நின்றது இது: உங்க கையில ஒரு குறையும் இல்ல மேடம், காத்த உள்ள விட்டது நான்தான்.