சுதா அன்ரியின் வீட்டிலிருந்து எழுதுகிறேன்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
ஆவணி, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் கஜனிக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நேற்றுப் போனில் உன் குரலே சொல்லிவிட்டது, இருந்தாலும் எழுத்திலும் ஒருமுறை கேட்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது, சுகம்தானே பிள்ளை? இங்கே அப்பாவும் நானும் நல்ல சுகம். இரணைமடுக் குளத்துத் தண்ணி இந்தமுறை கடைசி வாய்க்கால் வரைக்கும் வந்தது, சிறுபோகம் பழுத்துவிட்டது, அப்பா வெட்டு மெசினுக்குச் சொல்லி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிகிறார். கறுத்தப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. உன் மாமரத்தில் இந்த வருஷம் பூவே இல்லை.

இரண்டு கிழமைக்கு முன்னம் நீ ஒரு கேள்வி கேட்டாய். கொழும்பில் உங்கள் சேர் வகுப்பில் ஏதோ வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைக் காட்டினாராம், புற்றுநோய் நாட்டுப்புறத்து ஆட்களுக்குக் கூடுதலாக வருகிறது என்றில்லை, ஆனால் வந்தவர்களில் சாகிறவர்கள் பட்டணத்தைவிட நாட்டுப்புறத்தில்தான் கூடுதல் என்று. எங்கடை ஊரிலை காத்து நல்லது, கீரையும் மீனும் புதுசு, பிறகேன் அம்மா அப்பிடி எண்டு கேட்டாய். நான் லைன் கிளியர் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். லைன் கிளியராகத்தான் இருந்தது. சுதா அன்ரி குசினி வாசலில் பலகையில் இருந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தந்துகொண்டிருந்தா, நீ கதைத்தது அவாவுக்கும் கேட்டது. அவாவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய், கஜனி. பயப்படாமல் முழுவதையும் வாசி. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா. இப்போது அவாவே, கஜனிக்கு எழுது, அவள் இந்த நோய்நொடியைப் பற்றித்தானே படிக்கிறாள், தெரிஞ்சுகொள்ளட்டும் எண்டு விட்டா. போனில் சொல்லத் தொடங்கினால் இடையில் எனக்கு அழுகை வரும், எழுதினால் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம், அதனால்தான் கடிதம்.

உனக்கு அவா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிக்கு மேலால் கொய்யாப்பழம் நீட்டுகிற அன்ரி. எனக்கு வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்த சிநேகிதி. சண்டை இறுகிவந்த காலத்தில், பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், எங்கள் இருவருக்கும் பதினாறு வயதிலேயே ஒரே மாதத்தில் கலியாணம் செய்துவைத்தார்கள். எல்லாம் முடிந்தபோது எனக்கு உன் அப்பாவும் நீயும் மிஞ்சினீர்கள். அவாவின் புருஷன் ரஜிதன் அண்ணை கடைசி நாட்களில் காணாமல் போனார். செத்ததைக் கண்டவரும் இல்லை, பிறகு உயிரோடு கண்டவரும் இல்லை. அதனால் அவா பொட்டு அழிக்கவில்லை, தாலி கழற்றவில்லை. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து ஓர் இரவுகூட அந்த வீட்டைவிட்டு வெளியே தங்கியதும் இல்லை. தேடி வருவதென்றால் அவர் இந்த வளவைத்தான் தேடி வருவார், வேறெங்கே போவார் என்பா. உன் சின்னம்மாவின் கலியாணத்துக்கு வவுனியாவுக்கு வந்தவ, தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமலே பஸ் ஏறினது உனக்கு ஞாபகம் இருக்கலாம், நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

முப்பத்தைந்து வயதான பெண்கள் கருப்பைக் கழுத்தைச் சோதிக்க வரவேண்டும் என்று மிட்வைஃப் மேனுகா மிஸ் போன வருஷம் ஸ்கூட்டியில் வீடு வீடாக வந்து சொன்னா. கிளினிக் நடக்கிறது பொதுநோக்கு மண்டபத்தில். மண்டபத்து வாசல் ரோட்டைப் பார்த்தது, ரோட்டுக்கு அந்தப்பக்கம் தேத்தண்ணிக் கடை, எந்த நாள் என்ன கிளினிக் என்று அந்த வாங்கில் இருக்கிற ஆம்பிளைகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நான் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனேன். உள்ளே ஒரு திரை, ஒரு கட்டில், மிஸ்ஸின் இரண்டு பகிடி, அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வந்து சுதா அன்ரியையும் கூப்பிட்டேன். உனக்கு ஆள் இருக்கு, நீ போனால் ஒரு நியாயம், இத்தனை வருஷமாப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள்ளை என்னத்தையடி தேடப்போகினம் எண்டு சிரித்தா. பகிடி விட்டாலும் அவாவின் மனதில் இருந்தது இலட்சுமியக்காவின் கதை. புருஷனை இழந்த இலட்சுமியக்கா அந்தச் சோதனைக்குப் போய் ஒன்றுமில்லை என்று வந்தா, ஆனால் சங்கக்கடையில் மா வாங்க நின்றபோது ஒருத்தி, ஆருக்காகவாம் சோதிச்சுப் பார்க்கிறா எண்டு கேட்டு, நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. சுதா அன்ரியும் அந்த வரிசையில் நின்றவ. தாலியோடு காத்திருக்கிறவள் என்று ஊர் வைத்திருக்கிற மரியாதையை ஒரு காலைப்பொழுதில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கொட்டிவிட அவாவுக்கு மனம் வரவில்லை.

பிறகு மாதக்கணக்காக இரத்தம் போயிருக்கிறது. எனக்கும் சொல்லவில்லை. முகம் வெளிறினபோது வெய்யில் என்றா, இளைத்தபோது விரதம் என்றா. வைகாசியில் களை பிடுங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே வரம்பில் சரிந்துவிட்டா, தூக்கப் போனபோதுதான் உடுப்பைக் கண்டேன். கிளிநொச்சியில் காட்டி, அங்கிருந்து யாழ்ப்பாணம் அனுப்பி, ஸ்கான் எல்லாம் எடுத்து, மூன்றாம் கட்டம் என்று சொன்னார்கள். போன வருஷம் வந்திருந்தால் ஒரு காலமையிலை முடிஞ்சிருக்கிற வேலை அம்மா என்று அந்த டொக்டர் ஏச்சே இல்லாமல் சொன்னார், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். நீ தங்கியிருக்கிற வீட்டில் உன் மாமிக்கு நடந்தது அந்த ஒரு காலமை வேலைதான். கொழும்பில் அவா எந்த வாசலால் உள்ளே போனா, எதற்குப் போனா என்று பார்க்க எதிரே ஒரு வாங்கு இல்லை. சின்னதாய் ஒரு மாற்றம் இருக்கிறதென்று கண்டு எடுத்துவிட்டு ஓட்டோவில் வீட்டுக்கு வந்து மத்தியானச் சமையலையும் முடித்திருக்கிறா. அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாது, நீ அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே சொன்னா. ஒருவரை ஒருவர் தெரியாத பட்டணம் என்று நான் அதைக் குறையாகவே சொல்லி வந்திருக்கிறேன். இங்கே சிலர் ஷெல் புகை என்கிறார்கள், சிலர் வயலுக்கு அடிக்கிற மருந்து என்கிறார்கள். இருக்கலாம், நான் இதைப் படித்தவள் இல்லை. ஆனால் நோய்வருத்தம் எதனால் வந்தது என்பது வேறு, வந்ததை ஏன் காட்டவில்லை என்பது வேறு. உன் சேரின் கணக்கு இரண்டாவதைப் பற்றியது என்றுதான் எனக்குப் படுகிறது.

காட்டினபிறகும் பார். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிழமைநாள் தவறாமல் கதிர்ச் சிகிச்சை, ஐந்தாறு கிழமைக்கு. அங்கேயே தங்குங்கோ என்று சொன்னார்கள். சுதா அன்ரி மாட்டேன் என்றுவிட்டு, விடியமுதல் பஸ் ஏறி, கிளிநொச்சியில் மாறி, யாழ்ப்பாணத்தில் மாறி, அதே வழியால் பொழுதுபடத் திரும்பி வந்தா. எல்லாம் இரவுக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காக. முதல் கிழமை முடியவே ஆனையிறவு தாண்டி பஸ்ஸுக்குள் மயங்கி விழுந்து, கொண்டக்டர்தான் தண்ணி தெளித்து இறக்கிவிட்டவன். அதோடு போதும் என்று வீட்டில் இருந்துவிட்டா. நீ போன் எடுத்தது அந்த நாட்களில். மேனுகா மிஸ் வந்து, இடையிலை விட்டால் முதல் செய்ததும் வீணாப்போகும் அக்கா எண்டு வாசல் படலையடியில் நின்று கெஞ்சினா, அசையவில்லை.

உன் போனை வைத்துவிட்டு நான் குசினிக்குள் வந்தபோது, சேர் சொன்ன கணக்கிலை என்னையும் சேர்த்தாச்சோ எண்டு அவா கேட்டா. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை, பிடித்து ஏசினேன். அவர் வந்து படலையிலை நிண்டு கூப்பிடேக்கை ஒருத்தரும் இல்லாட்டி, நான் செத்துப்போனன் எண்டு நினைச்சுத் திரும்பிப் போயிடுவாரடி எண்டா. செத்துப்போனால் ஆர் வந்து படலை திறக்கிறது எண்டு கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவா கோபிக்கவில்லை. நீ வந்து இருப்பாய்தானே எண்டா. அப்ப வந்து இருக்கிறதை இப்ப வந்து இருக்கிறன், நீ எழும்பிப் போடி எண்டேன். கிடந்த வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தா. பிறகு இரவும் இருப்பியோ எண்டு கேட்டா.

இப்போது நான் இரவில் படுக்கிறது அவாவின் வீட்டில். இதையும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன். தெல்லிப்பழை வாட்டில் தங்கப் போகமுதல் அவா சொல்லிவிட்டுப் போனதைக் கேள். படலையைக் கொளுவு, பூட்டாதை. நாய்க்கு அவரைத் தெரியாது, பிறகு வந்த நாய், ஆளைக் கண்டால் நீ முதல்ல ஓடிப்போய் நாயைப் பிடி. எடுத்த உடனை எனக்கு வருத்தம் எண்டு சொல்லிப்போடாதை, சாப்பிட்டியளோ எண்டு கேட்டு, சாப்பாட்டைக் குடுத்துவிட்டுப் பிறகு சொல்லு. ஆள் அடையாளம் தெரியாமல் மாறி இருந்தாலும் இடது காது மடல் கிழிஞ்சிருக்கும், பார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். உன் அப்பாவுக்கோ இது பெரிய பகிடி, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை மனுசி கோவிச்சுக்கொண்டு வீட்டை விட்டுப் போயிட்டா, அதுவும் பக்கத்து வளவுக்கு எண்டு வயற்காரர் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். ஆனால் ஒவ்வொரு நாளும் பொழுதுபட அடிப்பிடித்த சோற்றையும் கட்டிக்கொண்டு வந்து, நான் சாப்பிட்டு முடியும்மட்டும் படியில் இருந்துவிட்டுத்தான் போகிறார்.

காத்திருக்கும் பெண்களைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய வாசித்திருக்கிறேன். அவர்களில் ஒருத்திக்காவது உடம்பில் வருத்தம் வந்ததாக வாசித்த ஞாபகம் இல்லை. இங்கே வந்து கொஞ்ச நாளில் ரோட்டில் ஒரு சைக்கிள் மெதுவாகினாலும் என் கால் தானாக எழும்புகிறது. நான் வேறொருத்தியின் புருஷனுக்காகக் காவல் இருக்கிறவள், எனக்கே இப்படியென்றால்.

நீ கெதியில் இந்தச் சோதனையில் எடுக்கிறதைப் பூசிய கண்ணாடித் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கப் பழகுவாய் என்று சொன்னாய். அதில் ஒரு துண்டு உன் கைக்கு வந்து சேரவேண்டுமென்றால் எங்கேயோ ஒருத்தி ஒரு தேத்தண்ணிக் கடையைத் தாண்டி நடந்திருக்கவேண்டும், அதை மறந்துபோய்ப் பார்க்காதே. மேனுகா மிஸ்ஸிடம் நான் ஒன்று கேட்டிருக்கிறேன். அந்தக் கிளினிக்குக்கென்று தனி நாள் வேண்டாம், பிரஷர் பார்க்கிற நாளோடு சேர்த்து வையுங்கோ, ஆர் எதுக்கு வந்தவை எண்டு கடை வாங்குக்குத் தெரியவேண்டாம் எண்டேன். மேலிடத்தில் கேட்கிறேன் என்றிருக்கிறா. நடந்தால் நான் இலட்சுமியக்காவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவேன், உனக்குத் தெரியும் எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று, ஒருவர் வீட்டுக்கும் வெறுமனே போய்க் கதைக்கிற பழக்கம் எனக்கில்லை.

சுதா அன்ரி பிழைப்பாவா என்று கேட்பாய். தெரியாது பிள்ளை. டொக்டரைக் கேட்டேன், இடையில் விடாமல் முழுக்கச் செய்யட்டும், பிறகு பார்ப்போம் என்றார், அதற்குமேல் ஒரு சொல் தரவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வாட்டில் இருந்து போன் எடுப்பா. சுகம் கேட்கமுதல் கேட்கிறது, ஆரும் வந்தவையோ என்றுதான். நான் இல்லை என்பேன், சரி என்று வைத்துவிடுவா. நேற்றும் கேட்டா, நானும் இல்லை என்றேன். ஆனால் வைக்கவில்லை. வாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, எடி தேனு, இன்னும் பாதி கிடக்கு, முடிச்சுப்போட்டுத்தான் வருவன், அதுமட்டும் அவர் வராமல் இருக்கட்டும் எண்டா. இத்தனை வருஷத்தில் அவர் இப்ப வரவேண்டாம் என்று அவா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

சரி பிள்ளை, வெளிச்சம் குறைகிறது, நாயும் சோற்றுக்கு நிற்கிறது. இதை வாசித்துவிட்டு லீவு போட்டு ஓடி வராதே, நீ அங்கே இருந்து படிக்கிறதுதான் எங்களுக்கு உதவி. ஆறாம் வகுப்பில் உங்களுக்கு இந்த வருத்தம் வராமல் தடுக்கத்தான் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள், நீ கை நோகுதென்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தாய். அது போட்டது என்று இருந்துவிடாதே, வயது வரும்போது சோதனைக்கும் போ. மாமி திரும்பக் காட்டவேண்டிய நாளில் நீயும் கூடப் போ, மறந்துவிடாதே. சுதா அன்ரிக்குப் பின்னேரத்தில் போன் எடு, வருத்தத்தைப் பற்றிக் கேட்காதே, உன் படிப்பைப் பற்றிச் சொல்லு. காலமை சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே. உருத்திரபுரீஸ்வரர் உன்னோடு இருப்பார், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலையில் இருக்கும்.

உன் அன்பு அம்மா,
தேனுகா யோகலிங்கம்