சோறு போட்ட பீச்சாங்கால்

பாக்தாத்
12.10.1979

பிரியமுள்ள ஒச்சாயிக்கு, முத்துக்கருப்பன் எழுதுறேன். நான் சுகமாத்தான் இருக்கேன். நீயும் பிள்ளை அன்னக்கொடியும் எப்படி இருக்கீங்க? பரவை மாமாவுக்கு இருமல் நின்னுச்சா?

எழுத்து கோணலா இருக்குன்னு பயப்படாத. போன வெள்ளிக்கிழமை லீவுல கால்பந்து விளையாண்டோம். எங்க போர்மேன் மிலான் யுகோஸ்லாவியாக்காரர். அவங்க நாட்டுல டிராகன் ஜாயிச்னு ஒரு ஆட்டக்காரர், போன வருசம்தான் ஆட்டத்தை விட்டாராம். அவரைப் பத்திப் பேசாம மிலானுக்குச் சோறு இறங்காது. இடதுபக்க ஓரமா பந்தோட வந்து, உள்ளே போற மாதிரி தோளைச் சாய்ச்சு, எதிராளி ஏமாந்ததும் வெளியே ஓடிருவாராம். அவர் போட்ட ஒத்தக் கோல்ல இங்கிலாந்தே தோத்துருக்கு. ஆட்டமெல்லாம் பீச்சாங்கால்தான்.

மிலானும் அன்னைக்கு அப்படியே வந்தார். "புடிங்கண்ணே"ன்னு நம்ம ஆளுக கத்துனாங்க. நான் மஞ்சுவிரட்டு மாட்டைப் புடிக்கிற மாதிரி அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்கிட்டேன். பந்தாட்டத்துல புடின்னா அது இல்லையாம். விழுந்ததுல வலது மணிக்கட்டு லேசாப் பிசகிருச்சு. சிரிச்சுக்கிட்டே மிலான்தான் கட்டுப் போட்டார்.

இப்ப எழுதுறது, திங்கிறது எல்லாம் பீச்சாங்கையாலதான். கூச்சமா இருக்குன்னு தட்டை எடுத்துக்கிட்டுத் தனியா உக்காந்துக்கிறேன். யாராச்சும் இங்க வந்தா பருப்புப் பொடி குடுத்துவிடு.

தபாலுக்கு ஆள் கிளம்பிட்டார். அன்னக்கொடி, இதை வாசிக்கிறது நீதான். கடைசி வரியை மட்டும் ஆத்தாவுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டு.

ஒச்சாயி, அந்த ஜாயிச்சுக்குச் சோறு போட்டதே பீச்சாங்கால்தான். நம்ம பிள்ளை பீச்சாங்கையால எழுதுனா இனி அடிக்காத.

உன் முத்துக்கருப்பன்