கேள்வித்தாளில் ஒரு கேள்வி குறைகிறது

தி.நகர்
4-3-1974

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நலம். நீ அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிற மனுஷனோடு எப்படி இருப்பது, வந்து கூப்பிட்டால்தான் திரும்புவேன் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். கடையில் வேலை அதிகம்.

வேறொரு விஷயம். எங்கள் ஜவுளிக்கடை நாகராஜுக்குப் பெருங்குடலில் புண்ணாம். வயிற்றுப்போக்கு, ரத்தம். ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, வீட்டாருக்குப் புரிகிறதா, என்ன திருத்தலாம் என்று கேட்டு வரச் சொன்னார்கள். அவன் பிரம்மச்சாரி. ஆகவே உனக்கு அனுப்புகிறேன்.

உன்
வைரவன்

திருவான்மியூர்
9-3-1974

மதிப்புள்ள அத்தானுக்கு,

கேள்விகள் புரிகின்றன. எதற்கென்றுதான் புரியவில்லை. 'நாளுக்கு எத்தனை தடவை?' என்கிறார்கள். பட்டினி கிடந்தால் தடவை குறையும். அதைக் குணம் என்று எழுதிக்கொள்வார்களா? 'மனச்சோர்வு உண்டா: ஆம், இல்லை, சுமார்.' சுமார் என்பது எவ்வளவு?

நேற்று இங்கே கோவிலில் நாகராஜைப் பார்த்தேன். "வயிறு எப்படி இருக்கு?" என்றேன். "எந்த வயிறு, அக்கா?" என்று கேட்டுவிட்டு, சுண்டல் வரிசையில் மறுபடி போய் நின்றார். குழப்பமாக இருக்கிறது.

அண்ணன் தினமும் கேட்கிறார்: "ஏட்டி, மாப்பிள்ளைக்கு இங்க வர ஒரு பஸ்கூடவா கெடைக்கல?" நான் என்ன சொல்லட்டும்?

புஷ்பம்

தி.நகர்
14-3-1974

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நாகராஜ் கூச்ச சுபாவம். நோயை மறைப்பான். அவனுக்குத் துணையாகப் போனபோது உன் சந்தேகங்களை டாக்டரிடம் வாசித்தேன். "பட்டினி விஷயம் எங்களுக்குத் தோணலியே, மிஸ்டர் வைரவன். நீங்க எத்தனை நாளா சாப்பிடல?" என்றார். அவருக்கும் ஏதோ குழப்பம்.

நாகராஜால் பஸ்ஸில் அரைமணி உட்கார முடிவதில்லை. வழியில் ஒதுங்க இடமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடையாறு வரை வந்து, இறங்கித் திரும்பிவிட்டான். எங்கே போகக் கிளம்பினான் என்று கேட்காதே.

வைரவன்

திருவான்மியூர்
18-3-1974

அன்புள்ள அத்தானுக்கு,

டாக்டரிடம் இந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'எங்கே போக நினைத்துப் போக முடியாமல் போனது?' இதைக் கேட்காமல் தடவைகளை எண்ணி என்ன பயன்?

என் சமையல் பிடிக்காமல் எழுந்து போகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அண்ணனிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இன்று, உடம்புதான் காரணம் என்று மாற்றிச் சொன்னேன். அவரே என் பெட்டியை எடுத்து வந்து வைத்தார்.

ஞாயிறு காலை அடையாறு பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நிற்பேன். அதுவரை வந்தால் போதும். நாகராஜைக் கூட்டி வர வேண்டாம். அங்கிருந்து மெதுவாக நடந்தே நம் வீட்டுக்குப் போகலாம். முடியாமல் போனால் வழியில் எந்த வீட்டுக் கதவையும் நான் தட்டிக் கேட்பேன். எனக்குக் கூச்சம் கிடையாது.

புஷ்பம்