வாய் கழுவும் கிண்ணம்

வெள்ளிமலை, பொஹேமியா
1420 அக்டோபர் 16

அன்புள்ள ஓஃப்காவுக்கு,

நலமே. இவ்வூர்க் கோயில்களைப் பார்வையிடப் பேராயர் அனுப்பிய குழுவில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கை ஓயவில்லை.

முதல் கோயிலுக்கு அடியில் சுரங்கம் போவதால் அது வடக்கே சாய்ந்து நிற்கிறது. பிரசங்கம் முடிவதற்குள் முதியவர்கள் வடக்குச் சுவருக்குச் சரிந்துவிடுகிறார்கள். பக்தி உருக்கம் என்கிறார் குருவானவர். இரண்டாவதில் புதைக்க இடமில்லாமல் எலும்புகளை அடுக்கியிருக்கிறார்கள். கோடரி வெட்டுள்ள மண்டையோடுகள் முன்வரிசையில்; பார்க்க லட்சணமாக இருக்கிறதாம்.

மூன்றாவது சுரங்கக்காரர்களுடையது. பலிபீடத்துக்குப் பின்னால் பழைய குழி. பூசை முடிந்ததும் நேராக வேலைக்கு இறங்க வெட்டியது. வெள்ளி தீர்ந்தபின் கிண்ணக்காரர்களை அதில் இறக்குகிறார்கள், ஏணி இல்லாமல். நற்கருணையில் அப்பம் மட்டும் போதாது, குருமாரைப் போல எங்களுக்கும் கிண்ணத்தில் திராட்சை ரசம் வேண்டும் என்று கேட்டது அவர்கள் குற்றம். ஆழம் எவ்வளவு என்று, குழிக்குப் பொறுப்பான சுரங்க மேஸ்திரி யெனிஷிடம் கேட்டேன். "அலறல் நிக்கற வரைக்கும் எண்ணிக்குங்க, எழுத்தரே" என்றார்.

கம்பளிக் காலுறை அனுப்பு.

உன் குனேஷ்

*

கோலின்
அக்டோபர் 22

அன்புள்ள கணவருக்கு,

காலுறை அனுப்பியிருக்கிறேன். கோயில் எந்தப் பக்கம் சாய்ந்தால் எனக்கென்ன? பீப்பாய் விற்கப் போன என் அண்ணன் ஹாவெலை அங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் கிண்ணக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய பிடிவாதமும் தெரியும். ஒரு நாள் பொய்யாக மண்டியிட்டால் கடவுள் குறைந்துபோக மாட்டார் என்று சொல்லுங்கள். உங்களை விட்டால் அவருக்கு அங்கே யாருமில்லை.

ஓஃப்கா

*

வெள்ளிமலை
நவம்பர் 4

அன்புள்ள ஓஃப்கா,

ஹாவெலைச் சந்தித்தேன். ஞாயிறு பூசையில் எல்லோர் முன்னும் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டால் விடுதலை என்று யெனிஷ் ஒப்புக்கொண்டார். மச்சான் சம்மதிக்க மூன்று நாள் ஆயிற்று, அதுவும் உனக்காக. "அங்க கிண்ணம்னு ஒண்ணு கண்ணுல பட்டாலும் தொடாதீங்க மச்சான்" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

ஞாயிறன்று மண்டியிட்டார். அப்பத்தை விழுங்கினார். அப்போது கோயில் பணியாள் ஒரு கிண்ணத்தோடு வந்தான். கல் தூசி அடைத்த தொண்டையில் அப்பம் ஒட்டாமலிருக்க இந்தக் கோயிலில் எல்லோருக்கும் ஒரு வாய் ரசம் தருவார்களாம். மந்திரிக்காத வெறும் ரசம். எனக்கு அதுவரை தெரியாது.

யெனிஷ் குடித்துவிட்டு நீட்டினார். ஹாவெல் என்னைப் பார்த்தார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார்.

"வாய் கழுவறதுதான்யா, குடி" என்றார் யெனிஷ், தன்மையாகத்தான். ஹாவெல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நம்ம ஆளுக்கு இது வெறும் ரசம். இதைப் பார்த்து நடுங்கறவனுக்குத்தான் இதுல சாமி இருக்கு" என்று யெனிஷ் எழுந்தார்.

நால்வர் அவரைக் குழிக்கு இழுத்துப் போனார்கள். ஹாவெல் பலிபீடத்தின் காலைப் பிடித்துக்கொண்டார். கல் உடைக்கும் சுத்தியலால் விரல்களை ஒவ்வொன்றாக அடித்தார்கள். கடைசி இரண்டு விரல்கள் அடிபடும்வரை விடவில்லை. பாடகர் குழு பாட்டை நிறுத்தவில்லை.

நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கிண்ணம் எனக்கு முன்னால் வந்திருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

குடித்தேன்.

உன் குனேஷ்

*

கிண்ணக்காரர்களின் தாபோர் படை முகாம்
நவம்பர் 19

குனேஷ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஓரிடத்தில்கூட மை சிந்தாமல் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். இங்கே பெண்களுக்கும் ஆணி அடித்த கதிரடிக் கோல் தருகிறார்கள். முந்தாநாள் ஒரு மடத்தைக் கொளுத்தினோம். உள்ளேயிருந்த துறவிகளை வெளியே விடவில்லை. நானும் கதவருகே நின்றேன்.

அடுத்தது வெள்ளிமலை. படைத்தலைவர் நல்ல மனிதர். நேற்று என்னைக் கூப்பிட்டு, "அந்த ஊர்ல உனக்கு வேண்டியவங்க யாராச்சும் இருந்தா பேரைச் சொல்லும்மா, அவங்களை விட்டுடறோம்" என்றார்.

யாருமில்லை என்றேன்.

ஹாவெலின் தங்கை
ஓஃப்கா