குழிக்குள் இருந்து

டேய் மேல்வீட்டுக்காரா,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

அன்று லிஃப்ட்டில் நசுங்கிய கால் கூடிவிட்டது. ஆனால் லிஃப்ட்டைக் கண்டாலே நெஞ்சை அடைக்கிறது. லிஃப்ட் மெக்கானிக் ஏழு மாடியும் படியேறுகிறான், சிரித்துக்கொள். வீட்டுக்காரி நச்சரித்து சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வைத்தாள். ஆறு வாரம், காசில்லாமல், இந்தப் பயம் தெளிய ஓர் ஆலோசகர் அம்மா போனில் பேசுகிறார்.

முகம் தெரியாமல் பேசுவது நமக்குப் புதிதா? நீ மேலே மோட்டார் அறையில், நான் கீழே லிஃப்ட் குழியில், இருபது வருடம். நீ "லிஃப்ட்டை இறக்கட்டுமா?" என்பாய். நான் "இறக்கு" என்று திருப்பிச் சொன்னால்தான் சுவிட்சைத் தொடுவாய். நடுநடுவே உன் மச்சான் மீசைக்குச் சாயம் அடித்த கதை. உன் சிரிப்பு குழி வரைக்கும் உருண்டு வரும்.

பழக்கதோஷத்தில் அந்த அம்மா சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். "ஏன் சார், நான் சொல்றதையே சொல்றீங்க?" என்றார். நம் வழக்கத்தை விளக்கினேன்.

"அடிபட்ட அன்னிக்கும் திருப்பிச் சொன்னீங்களா?"

"சொன்னேன்மா" என்றேன்.

சொன்னேன்டா. மீசைக் கதைக்குச் சிரித்தபடி, லிஃப்ட்டுக்கு அடியிலிருந்து காலை இழுக்காமலே "இறக்கு" என்றேன். விசாரணையில்தான் சொல்லவே இல்லை என்றேன். பழி உன் மேல் விழுந்து உன் வேலை போனது.

இன்று மேனேஜருக்கும் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் மேல் தப்பில்லை. போன் போட்டு இதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லு. உன் குரல் கேட்கும்வரை நான் அசையமாட்டேன்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்